டீசல் குடும்ப எஸ்யூவிகளை ஒப்பிடும் முறை
இரண்டு டீசல் எஸ்யூவிகளுக்கிடையே தயங்கும்போது, குதிரைத்திறனைக் காட்டிலும் முறுக்குவிசை (எஞ்சின் சுழற்றும் வலு) நிமிடத்துக்கு எத்தனை எஞ்சின் சுழற்சியில் கிடைக்கிறது என்பதையே முதலில் பாருங்கள்; 1,500 முதல் 2,000 சுழற்சிக்குள் அது முழுமையாகக் கிடைத்தால், ஆள் நிறைந்த வண்டியும் மேட்டில் எளிதில் திணறாது.

சோதனை ஓட்டத்துக்குக் குடும்பத்தையே அழைத்துச் சென்று, மூன்றாம் வரிசையில் பெரியவர் ஒருவரை அமரவைத்து, முழங்கால் நெஞ்சுக்கு ஏறுகிறதா என்று கவனியுங்கள். அவ்வரிசையை நிமிர்த்திய பின் பெட்டி வைக்க எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை விற்பனையாளர் பெரும்பாலும் தாமாகக் காட்டமாட்டார்.

டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அடைபடாமலிருக்க, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓடி, சேர்ந்த கரி சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரிய வேண்டும். ஆகவே, பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே ஓட்டுவதென்றால், இரண்டு டீசல் வண்டிகளையும் விட்டுவிட்டுப் பெட்ரோல் வண்டியைப் பார்ப்பதே என் யோசனை. புகையின் நைட்ரஜன் ஆக்சைடு நச்சைக் குறைக்க யூரியாக் கரைசல் தேவைப்படும் டீசல் வண்டியென்றால், அதன் தொட்டி எத்தனை லிட்டர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.