தேடல் பெட்டியோடு ஒரு லிஸ்ட் டயலாக்: ஆண்ட்ராய்டில் செய்வது எப்படி?

டயலாக் என்னும் சின்னப் பெட்டியைத் திறந்து, நாலைந்து பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தால் போதும் என்றால், அதைக் கட்டித்தரும் அலர்ட் டயலாக் பில்டரில் உள்ள செட்ஐட்டம்ஸ் (பட்டியலைக் காட்டும் கட்டளை) தாராளம், தனி லேஅவுட் (திரை அமைப்பு) வேண்டாம். மேலே ஒரு விளக்க வரியும் வேண்டும் என்றால்தான் சிக்கல், ஏனென்றால் அந்த வரியைக் காட்டும் செட்மெசேஜும் லிஸ்டும் டயலாக்கில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. எனக்கு விளக்க வரி, தேடல் பெட்டி இரண்டுமே தேவைப்பட்டன.

முதலில் எக்ஸ்எம்எல், அதாவது லேஅவுட்டை எழுதும் கோப்பு. நெடுக்குவாட்டில் ஒரு லீனியர் லேஅவுட், அதற்குள் டெக்ஸ்ட்வியூ (விளக்க வரி), எடிட்டெக்ஸ்ட் (தேடல் பெட்டி), லிஸ்ட்வியூ (பட்டியல்), கடைசியில் ஒரு பட்டன். லிஸ்ட்வியூவின் உயரத்தை 0 டிபி ஆக்கி வெயிட் (மிச்ச இடத்தில் பங்கு) 1 கொடுங்கள், இல்லாவிட்டால் நீளமான லிஸ்ட் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டு பட்டனைக் காணாமல் செய்துவிடும்.

அடுத்து அந்த எக்ஸ்எம்எல்லை இன்ஃப்ளேட் செய்து (நிஜ வியூவாக மாற்றி) பில்டரின் செட்வியூவில் கொடுங்கள். உள்ளே இருக்கும் உறுப்புகளை எடுத்துத்தரும் ஃபைண்ட்வியூபைஐடியை ஆக்டிவிட்டியில் (பின்னாலிருக்கும் திரை) அல்ல, இன்ஃப்ளேட் செய்த வியூவில் கூப்பிட வேண்டும். மறந்தால் நல் பாயின்டர் பிழைதான்.

பெயர்களை லிஸ்ட்வியூவோடு இணைக்கும் அடாப்டருக்கு அர்ரே அடாப்டரே போதும். பட்டியல் காட்டும் இன்னொரு உறுப்பான ரீசைக்ளர்வியூ நல்லதுதான், ஆனால் இவ்வளவு சின்ன வேலைக்கு லிஸ்ட்வியூதான் என் தேர்வு: கிளிக் லிசனர் அதிலேயே உண்டு, ஃபில்டர் அர்ரே அடாப்டரோடு வருகிறது. தட்டச்சைக் கவனிக்கும் டெக்ஸ்ட்வாட்சரில் அடாப்டரின் கெட்ஃபில்டரை எடுத்து, தட்டச்சு செய்த எழுத்துகளைக் கொடுத்தால் சரி. அது சொல்லின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும், நடுவில் வரும் எழுத்துகளைத் தேடாது.

ஒரு மாலை முழுவதும் என்னை அலைக்கழித்தது இதற்கு அடுத்த படிதான். தேடாமல் தொட்டால் சரியான பெயர் வந்தது, தேடிவிட்டுத் தொட்டால் வேறு ஏதோ பெயர். ஃபில்டர் ஆன பிறகு கிளிக்கில் வரும் பொசிஷன், திரையில் மிச்சமிருக்கும் வரிசையின் எண். நானோ அதை வைத்து மூல அர்ரேயில் (ஃபில்டர் ஆகாத முழுப் பட்டியல்) எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று பெயர்கள் மட்டும் தெரியும்போது முதலாவதைத் தொட்டால் பொசிஷன் 0, மூல அர்ரேயில் 0 என்பது வேறு ஆள். அதனால் எப்போதும் அடாப்டரின் கெட்ஐட்டமில் பொசிஷனைக் கொடுத்து எடுங்கள், மூல அர்ரேயைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் டிஸ்மிஸ். செட்ஐட்டம்ஸ் போல இது தானாக மூடாது, டயலாக்கை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் மூட வேண்டும்.

பின்சேர்க்கை: வரிசையில் செக்பாக்ஸ் வைத்தால் கிளிக் வேலை செய்யவில்லை என்று இருவர் கேட்டார்கள். செக்பாக்ஸ் ஃபோகஸைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம், அதன் ஃபோகஸபிளை ஃபால்ஸ் ஆக்குங்கள். போனைத் திருப்பினால் டயலாக் மறைகிறது என்பவர்கள் இதே லேஅவுட்டை, திரை திரும்பினாலும் டயலாக்கை மறுபடி காட்டும் டயலாக்ஃப்ராக்மென்ட்டுக்குள் வைத்துவிடுங்கள்.