குழந்தையின் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) ஞானத்தாய், ஞானத்தந்தையாக, அதாவது விசுவாசத்தில் குழந்தைக்குத் துணையாக, நிற்கக் கூப்பிட்டிருக்கிறார்களா?

கத்தோலிக்கக் கோயிலில் குழந்தைத் திருமுழுக்கு என்றால் பலருக்கு கேக்கும் போட்டோவும்தான் முதலில் ஞாபகம் வரும். அது இருக்கட்டும், முதலில் தகுதியைப் பாருங்கள்: பொதுவாக 16 வயது முடிந்திருக்கவேண்டும், புதுநன்மையும் (முதல் முறை நற்கருணை வாங்குவது) உறுதிபூசுதலும் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றிருக்கவேண்டும், குழந்தையைப் பெற்றவராக இருக்கக்கூடாது. வேறு பங்கிலிருந்து (வேறு கோயிலைச் சேர்ந்தவராக) வந்தால் உங்கள் பங்குச்சாமியாரின் கடிதம் கேட்பார்கள், அதைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

அப்புறம், சடங்கின் அர்த்தம். தண்ணீர் அழுக்கைக் கழுவ மட்டும் அல்ல. பைபிளில் ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுல் இதைச் சாவோடும் அடக்கத்தோடும் சேர்த்துப் பேசுகிறார், அதாவது பழைய வாழ்வைக் கிறிஸ்துவோடு புதைத்துவிட்டு அவரோடு புதிதாக எழுவது. ஒரே ஒருமுறைதான், திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை விசுவசிக்கிறீர்களா என்று சாமியார் உங்களிடமும் கேட்கிறார். சத்தமாகப் பதில் சொல்லுங்கள், முணுமுணுக்கவேண்டாம் (நான் முதல் தடவை முணுமுணுத்தேன், அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவார்).

பிறகு உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் (ஆயர் அர்ச்சித்த வாசனை எண்ணெய்) பூசுவார், வெள்ளாடை போடுவார்கள். பாஸ்காத் திரியிலிருந்து (உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் கோயிலின் பெரிய மெழுகுதிரி) குழந்தையின் மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கும்போது குழந்தையின் கை எட்டாத தூரத்தில் பிடியுங்கள், வெள்ளாடையில் மெழுகு சொட்டினால் லேசில் போகாது.

பரிசு தங்கமா வெள்ளியா என்று அலட்டிக்கொள்ளவேண்டாம். அந்தத் தேதியை எழுதி வைத்து வருடாவருடம் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பத்து வயதில் ஜெபம் சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் நீங்கள்தான்.