சீனாவைக் கூட்டாக ஆராயும் நாடுகள் எங்கே சறுக்குகின்றன?

பத்து அரசுகள் சேர்ந்து சீனப் பொருளாதாரம் பற்றி ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தால், சண்டை முடிவுரையில்தான் வரும் என்று நினைப்போம். கோணல் முதல் அட்டவணையிலேயே விழுந்துவிடுகிறது. எதை எண்ணுகிறோம் என்று பேசி முடிக்காமலே எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஹாங்சோ ஜி20 மாநாட்டுக்குப் பிறகு, தேவைக்கு மேல் பெருகிவிட்ட எஃகு ஆலைகளைப் பற்றித் தகவல் பகிர 33 உறுப்பினர்களோடு ஓர் உலக மன்றம் உருவானது. சீனாவும் அதில் இருந்தது, 2019இல் விலகிக்கொண்டது. இடையில் 2017இல், பழைய இரும்பை உருக்கித் தரம் குறைந்த கம்பி போட்டுக்கொண்டிருந்த சட்டவிரோத உலைகளைச் சீனா மூடியது, சுமார் 14 கோடி டன் அளவுக்கு. அப்படியானால் அந்த ஆண்டு உற்பத்தி குறைந்திருக்க வேண்டும், இல்லையா? அரசுக் கணக்கில் கூடியிருந்தது! காரணம் ரொம்பச் சாதாரணமானது: அந்த உலைகளின் கம்பி எந்தக் காலத்திலும் கணக்கில் ஏறியதே இல்லை, அவை மூடியதும் வாங்குபவர்கள் உரிமம் பெற்ற ஆலைகளுக்குப் போனார்கள், அங்கே வார்த்ததெல்லாம் கணக்கில் ஏறியது. இது தெரியாமல் அந்த எண்ணைப் பார்த்தால் ஒருவர் 'சீனா ஏமாற்றுகிறது' என்பார், இன்னொருவர் 'சொன்னதைச் செய்துவிட்டது' என்பார், இருவரும் ஒரே அட்டவணையைத்தான் கையில் வைத்திருப்பார்கள்.

வணிகக் கணக்கிலும் இதே கதைதான். அமெரிக்காவுக்கு இவ்வளவு அனுப்பினேன் என்று சீனச் சுங்கத்துறை சொல்வதும், சீனாவிலிருந்து இவ்வளவு வந்தது என்று அமெரிக்கா சொல்வதும் ஒத்துப்போகாது. முன்பெல்லாம் அமெரிக்கக் கணக்குதான் பெரிதாக இருக்கும், ஹாங்காங் வழியாகப் போன சரக்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம்: சீனா அதை ஹாங்காங்குக்கு அனுப்பியதாக எழுதும், அமெரிக்கா சீனாவிலிருந்து வந்ததாக எழுதும். 2018இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குக் கூடுதல் வரி போட்ட பிறகு அது தலைகீழாகிவிட்டது, வரிக்குப் பயந்து மதிப்பைக் குறைத்துக் காட்டியதும் அதில் உண்டு. ஐரோப்பாவில் வேறு சிக்கல். ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி ஜெர்மனிக்குப் போகிற பெட்டிகூட நெதர்லாந்தின் இறக்குமதியாகப் பதிவாகலாம். ஆளுக்கொரு நாட்டின் எண்ணை வாங்கி அப்படியே ஒட்டினால் அது கூட்டாய்வு ஆகாது, கதம்பம்தான்.

கடன் விஷயத்தில் இலங்கையைப் பாருங்கள். அதன் வெளிக்கடனில் சீனாவின் பங்கு 10 சதவீதம்தான் என்றும் சொன்னார்கள், 20 சதவீதத்தை ஒட்டி என்றும் சொன்னார்கள். சீன எக்ஸிம் வங்கியை (ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) மட்டும் எண்ணுகிறோமா, சீன வளர்ச்சி வங்கியையும் அரசு நிறுவனங்கள் வாங்கிய கடனையும் சேர்க்கிறோமா என்பதில்தான் வித்தியாசம். கடன் மறுசீரமைப்பின்போது எக்ஸிம் வங்கி கடன் கொடுத்த அரசுகளின் வரிசையில் நின்றது, வளர்ச்சி வங்கியோ கடன் கொடுத்த வணிக நிறுவனங்களின் வரிசைக்குப் போனது. இரண்டுமே சீன அரசு வங்கிகள்! ஆகவே, யார் 'அரசு' என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

அப்புறம், வரையறை மாறிய எண்களை ஒரே கோட்டில் இழுப்பது. சீனாவின் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 2023 ஜூனில் 21.3 சதவீதம், ஆகஸ்டில் அதை வெளியிடுவதையே நிறுத்தினார்கள், திரும்பி வந்தபோது டிசம்பருக்கு 14.9 என்றார்கள், ஆனால் அதில் மாணவர்கள் இல்லை. இடையில் ஒரு கோடு கிழித்துக் காட்டாத வரைபடம் வாசிப்பவரை ஏமாற்றும். இன்னொன்று: ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும் சீனப் புத்தாண்டு ஓர் ஆண்டு ஜனவரியில் வரும், இன்னோர் ஆண்டு பிப்ரவரியில் வரும். அந்த இரண்டு மாதங்களைத் தனித்தனியே ஒப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் சீனாவின் உளவுத் தடுப்புச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது, தேசப் பாதுகாப்பு தொடர்பான தகவலை வெளியே தருவதையும் அது உளவு என்று பார்க்கலாம். அங்கே இருக்கும் பேராசிரியர் பேச்சுவாக்கில் சொன்னதைப் பல அரசுகளின் கைக்குப் போகும் வரைவில் பெயரோடு போடுவது, நன்றியுரையில் போட்டாலும் சரி, அவரை மாட்டிவிடும் வேலை.

அதே 2023இல் சிஎன்கேஐ என்ற பெரிய சீன ஆய்விதழ்த் தரவுத்தளமும் வெளிநாட்டவருக்குச் சில பகுதிகளை மூடியது. முன்னாடியே எதையெல்லாம் பதிவிறக்கி வைத்திருக்கிறோம் என்று உறுப்பு நாடுகள் ஒருவருக்கொருவர் பட்டியல் கொடுக்காவிட்டால், ஒருவர் அலமாரியில் இருப்பதை மற்றவர் தேடிக்கொண்டே இருப்பார்.