ஆளி: நீரிலிருந்து சமையலறை வரை பாதுகாப்பை அளந்து பார்ப்பது எப்படி?

ஆளி (oyster) என்பது கடலிலும் காயலிலும் வாழும் ஒருவகைச் சிப்பி. உண்ணத்தக்க கடல் ஆளியை வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் தூத்துக்குடியில் சோதித்து உருவாக்கியது. 1990-களில் அது கேரளத்தின் அஷ்டமுடிக் காயலுக்குச் சென்றது. பின்னர் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கைக்கு வந்தது. கழிகளை நட்டு, ஆளி ஓடுகளைக் கோத்த சரங்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஒட்டும் குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் திறன் இன்று பலருக்கும் உண்டு. ஆனால் நீரைவிட்டு எடுத்த ஆளி வாங்குபவரின் சமையலறைக்குச் சேரும் வரை அதற்கு என்ன நேர்கிறது என்பதை எண்களில் எழுதி வைத்திருப்பவர்களை அரிதாகவே காண முடிகிறது. மீன்வள மாணவர்களும் சிறு குழுக்களும் அந்தக் கணக்கை எப்படித் தொடங்கலாம் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: நீரை அறிதல்

ஆளி, நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது. ஆகவே நீரில் கழிவு கலந்தால், அதிலுள்ள கிருமிகளும் ஆளியின் உடலில் சேர்ந்துவிடும். 1924-25 குளிர்காலத்தில், கழிவுநீர் கலந்த இடத்து ஆளிகளை உண்டதால் அமெரிக்க நகரங்களில் 1,500-க்கும் மேற்பட்டோர் டைபாய்டுக்கு ஆளாகினர். 150 பேர் வரை இறந்தனர். ஆளி எடுக்கும் நீரைச் சோதித்துத் தரம் பிரிக்கும் ஏற்பாட்டை அந்நாடு 1925-ல் தொடங்கியதற்கு அந்த நிகழ்வே காரணம்.

உங்கள் பண்ணையைச் சுற்றியுள்ள கழிவுநீர்க் குழாய்கள், படகுத்துறைகள், இறால் பண்ணைகள், சாக்கடை வாய்கள் ஆகியவற்றை முதலில் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். பிறகு ஒரு மாதிரிக்குக் குறைந்தது 10 ஆளிகள் வீதம் ஐந்து மாதிரிகளை எடுத்து, பனிக்கட்டி நேரடியாகப் படாத குளிர்ப்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். கழிவின் அடையாளமான ஈ.கோலை பாக்டீரியா 100 கிராம் சதையில் 230-க்குள் இருக்க வேண்டும் என்றும், ஐந்து மாதிரிகளில் ஒன்று மட்டும் அதைத் தாண்டலாம், அதுவும் 700-க்கு மேல் போகக் கூடாது என்றும், பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் தரநிலை கூறுகிறது. வறண்ட நாளில் மட்டும் மாதிரி எடுத்தால் நீங்கள் உங்களையே ஏமாற்றிக்கொள்வீர்கள். பெருமழை பெய்த மறுநாள் எடுக்கும் மாதிரிதான் அந்த நீரின் உண்மையான நிலையைக் காட்டும்.

சில நுண்பாசிகள் உண்டாக்கும் நஞ்சு வேறு வகை ஆபத்து. 1981-ல் தமிழ்நாட்டிலும் 1997-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் இத்தகைய நஞ்சு ஏறிய மட்டி வகைகளை உண்டவர்கள் உயிரிழந்தனர். இந்த நஞ்சு சமைப்பதால் அழியாது. கடலின் நிறம் மாறாத நாளிலும் இருக்கக்கூடும். ஒரு கிலோ சதையில் சாக்சிடாக்சின் என்ற இவ்வகை நஞ்சு 0.8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் வகுத்த எல்லை. ஆய்வகச் சோதனையைத் தவிர இதை அறிய வேறு வழியில்லை.

இரண்டாம் படி: சுத்திகரிப்பு

புற ஊதா ஒளியால் கிருமி நீக்கிய கடல்நீரை ஓடவிட்ட தொட்டியில் ஆளிகளை இரண்டு நாள் அளவுக்கு வைத்தால், அவை தம் குடலிலுள்ள கழிவைத் தாமே வெளியேற்றிவிடும். இடையில் புதிய ஆளிகளைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நேரத்தை முதலிலிருந்து கணக்கிட வேண்டும். ஈ.கோலை இம்முறையில் நன்றாகக் குறையும் என்றாலும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரசும், நோய் தரும் கடல் பாக்டீரியாவான விப்ரியோவும் எளிதில் வெளியேறுவதில்லை. எனவே அழுக்கு நீரில் வளர்ந்த ஆளியைத் தொட்டி காப்பாற்றிவிடும் என்று நம்பி முதல் படியைத் தவிர்த்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: நேரத்தையும் வெப்பத்தையும் பதிதல்

தொடக்கநிலை ஆய்வாளர் அதிக உழைப்பைச் செலுத்த வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா கழிவால் வருவதன்று. வெதுவெதுப்பான கடல்நீரில் இயல்பாகவே வாழ்வது. அதனால் தூய்மையான நீரில் வளர்ந்த ஆளியிலும் சிறிதளவு இருக்கும். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடுத்த ஆளிகளை 26 டிகிரி செல்சியஸில் வைத்தபோது, அது 10 மணி நேரத்தில் 50 மடங்காகவும் 24 மணி நேரத்தில் 790 மடங்காகவும் பெருகியது. முதல் 10 மணி நேரத்தைக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அது இரட்டித்திருக்கிறது. நம் கரையிலோ பருவமழையின் நன்னீர் காயலை நிறைக்கும் முன்பே ஆளியை எடுத்துவிட வேண்டியிருப்பதால், அறுவடை பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களின் கடும் வெயிலில் நடக்கிறது. அந்த 26 டிகிரி நமக்கு விடியற்காலை வெப்பம்.

ஆளி நீரைவிட்டு மேலே வந்த நிமிடத்தை எழுதுங்கள். சிறிய வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்றை மூட்டையின் நடுவில், ஆளிகளுக்கு இடையில் புதைத்து வையுங்கள். மூட்டையின் மேற்புறத்தில் வைத்தால் காற்றின் வெப்பத்தைத்தான் அளப்பீர்கள். படகு, கரை, கழுவுமிடம், வண்டி, கடை என ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் நேரத்தைக் குறியுங்கள். காற்றின் அன்றாட உச்ச வெப்பத்தின் சராசரி 27 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் 10 மணி நேரத்துக்குள் குளிரூட்டலைத் தொடங்க வேண்டும், பிறகு ஆளியின் உள்வெப்பத்தை 10 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் வழங்கும் பொது அளவு. பல மாநிலங்கள் கோடையில் இதைவிடக் கடுமையாக நடக்கின்றன. பதிவை வரைபடமாக வரைந்து பார்த்தால், வெப்பக்கோடு எந்தக் கைமாற்றத்தில் மேலேறுகிறது என்பது தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் அது பயண நேரமாக இராது, வண்டிக்காக வெயிலில் காத்துக்கிடந்த நேரமாகவே இருக்கும். கரையில் ஓர் ஓலைக் கொட்டகையும் ஈரச் சாக்கும் அமைத்து, மறுமுறையும் அளந்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: குளிர்ச்சியின் அளவைக் கண்டறிதல்

நம் ஆளி வெப்பக்கடல் உயிர் என்பதால், குளிர்நாட்டு ஆளிக்குச் சொல்லும் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே நாளில் எடுத்த ஆளிகளை மூன்று பிரிவாக்கி, ஒன்றைப் பனிக்கட்டி மேலும், ஒன்றை 10 டிகிரி அளவிலும், ஒன்றை நிழலில் ஈரச் சாக்கிலும் வைத்து, ஒவ்வொரு நாளும் இறந்தவற்றை எண்ணுங்கள். வாய் திறந்த ஓட்டைத் தட்டினாலும் மூடிக்கொள்ளாத ஆளி இறந்துவிட்டது என்று பொருள். குழிவான ஓடு கீழே இருக்கும்படி அடுக்கினால் உள்நீர் வடியாது. உருகிய பனிநீரில் ஆளி ஊறவே கூடாது, ஏனெனில் நன்னீர் அதைக் கொன்றுவிடும். துளையிட்ட தட்டில் வைத்து, நீர் அடியில் வடியச் செய்யுங்கள். குளிர்ச்சி விப்ரியோவின் பெருக்கத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே இருப்பதை அழிக்காது என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சந்தையை விசாரித்தல்

உணவகங்களில் "ஆளி வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்டால் "வாங்குவோம்" என்ற பதில் எளிதாகக் கிடைக்கும், அதனால் பயனில்லை. வாரத்துக்கு எத்தனை, எந்த அளவில், எந்தக் கிழமையில், உயிருடனா சதையாகவா, இறக்கியபின் எங்கே எந்த வெப்பத்தில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத இடத்துக்கு உயிர் ஆளியை அனுப்ப வேண்டாம். புதிய குழுக்கள் வேகவைத்து எடுத்த சதையில் தொடங்குவதே நல்லது என்று நான் கருதுகிறேன். கொதிநீரில் ஓடு திறந்தபின் மேலும் 3 முதல் 5 நிமிடம் வேகவிட வேண்டும். திறக்காதவற்றை எறிந்துவிட வேண்டும். பச்சையாக உண்ணத் தரும் வணிகத்தை, முதல் நான்கு படிகளின் பதிவு ஓராண்டுக்கேனும் கையில் சேர்ந்த பிறகு எண்ணிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு மூட்டையிலும் எடுத்த இடம், நாள், நேரம், குளிர்ப்பெட்டிக்குள் வைத்த நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய நீர்புகா அட்டையைக் கட்டுங்கள். அமெரிக்காவில் வாங்கும் கடை இத்தகைய அட்டையை 90 நாள் வைத்திருக்க வேண்டும். உங்களிடம் வாங்குபவரிடமும் அதையே கேளுங்கள்; அட்டையின் நகலொன்றை நீங்களும் வைத்துக்கொண்டால், யாருக்கேனும் உடல்நலம் கெட்டதாகச் செய்தி வரும்போது எந்தச் சரத்தை நிறுத்துவது என்பதை அன்றே முடிவு செய்ய முடியும்.