மோட்டர் ஓடுது, தண்ணீர் ஏறேல்லை

மேல் தாங்கி காய்ந்து இரண்டு நாள். மோட்டர் ஓடுகிறது, குழாயில் காற்றுத்தான் வருகிறது. பம்பின் மேல் மூடியைக் கழற்றித் தண்ணீர் விட்டால் ஏறும். நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் பழைய கதைதான். புது மோட்டர் வாங்கச் சொன்னார் பார்க்க வந்தவர். பக்கத்து வீட்டு அண்ணைதான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, மோட்டரில பிழை இல்லை. அடி வால்வைக் கழட்டிப் பார்" என்றார். கிணற்றுக்குள் குழாயின் அடி நுனியில், ஏறிய தண்ணீர் திரும்பாமல் பிடிக்கிற வால்வு அது.

மெயினை நிறுத்திவிட்டு நானும் மகனும் கிணற்றிலிருந்து குழாயை இழுத்தோம். பாரமே இல்லை. உள்ளே தண்ணீர் நிற்கவில்லை என்பது அப்போதே விளங்கியிருக்க வேண்டும். வால்வின் வாயில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவதுதானே. கேத்தில் அடியில் படிகிற அதே சாமான். அதனால் வால்வின் மூடி முழுதாகப் பொருந்தாமல், ஏறிய தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கே திரும்பியிருக்கிறது.

ஒரு கோப்பை வினாகிரிக்குள் போட்டதும் சோடா மாதிரி நுரைத்தது. இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். கல்லாக இறுகியிருந்த ரப்பர் வாசரை மாற்றினேன்.

பிறகு ஒரு மடத்தனம். குழாய்ப் புரியில் ஒழுகாமல் சுற்றுகிற வெள்ளை ரேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். முறுக்க முறுக்க அது சுருண்டு வெளியே வந்தது, பம்ப் மறுபடி காற்றை இழுத்தது. குழாயை இன்னொரு தரம் மேலே இழுக்க மகன் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். பின்னேரம் தாங்கி நிரம்பி வழிந்தது.