ஆம்புலன்ஸில் அல்ட்ராசவுண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியோடு இணைத்தால் வேலை செய்யும் அல்ட்ராசவுண்ட் கருவி இன்று சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் கடுமையான விபத்துகளுக்கு மருத்துவரே நேரில் வருவதால், விபத்து நடந்த இடத்திலேயே வயிற்றுக்குள் ரத்தக்கசிவு உண்டா என்று பார்த்துவிட முடிகிறது. 2006இல் வெளியான பிராங்க்ஃபர்ட் ஆய்வில், மருத்துவமனையில் பார்ப்பதைவிடச் சராசரியாக 35 நிமிடம் முன்னதாகவே விடை கிடைத்தது. கிடைத்த அந்த நேரத்தைத் தொலைக்கவும் இதே கருவி போதும்.

ஸ்கேனுக்காக வண்டியை நிறுத்தி வைப்பதுதான் அப்படித் தொலைக்கும் வழி. வயிற்றுக்குள் ரத்தம் கசிபவருக்குத் தேவை அறுவை அரங்கம். வண்டி ஓடும்போதே பாருங்கள். படம் சற்று ஆடும், பரவாயில்லை. தெரியப்போகும் விடை போகிற மருத்துவமனையையோ செய்கிற சிகிச்சையையோ மாற்றாது என்றால், கருவி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வதுதான் ஆகப் பெரிய ஆபத்து. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே ரத்தம் கறுப்புப் பட்டையாகத் தெரிய, பொதுவாகச் சில நூறு மில்லி தேங்கியிருக்க வேண்டும். அடிபட்ட பத்தாவது நிமிடத்தில் அவ்வளவு சேர்ந்திருக்காமல் போகலாம். இடுப்பெலும்பு முறிந்து வயிற்றறைக்குப் பின்னால் கசியும் ரத்தத்தையும், குடலில் விழுந்த ஓட்டையையும் இந்தப் படத்தை நம்பி மறுக்கவே முடியாது. நாடி ஏறி, ரத்த அழுத்தம் இறங்கினால் அவற்றை நம்புங்கள். வழியில் மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.

நெஞ்சில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. மூச்சு விடும்போது நுரையீரல் நெஞ்சுச் சுவரை ஒட்டிச் சறுக்குவது திரையில் தெரியும். அது தெரியவில்லை என்றதும், நெஞ்சறையில் காற்று புகுந்துவிட்டதென்று, அதை வெளியேற்றும் ஊசியைத் தேடுவார்கள். மூச்சுக்குழாயில் போட்ட ட்யூப் வலப்பக்கம் ஆழமாக இறங்கியிருந்தாலும் இடது நுரையீரல் சறுக்காது. பழைய காசநோயால் நுரையீரல் உறைகள் ஒட்டிப்போயிருந்தாலும் அப்படித்தான். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது.

இதயம் நின்றவரிடம் வினாடிகள்தான் கணக்கு. மார்பு அழுத்தத்தை 10 வினாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. மருத்துவமனை அவசரப் பிரிவில் செய்யப்பட்ட 2017 ஆய்வொன்றில், அல்ட்ராசவுண்ட் பார்த்தபோது அந்த இடைவெளி சராசரியாக 21 வினாடி, பார்க்காதபோது 13. திரையைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது. அழுத்திக்கொண்டிருக்கும்போதே கருவியை உரிய இடத்தில் வைத்துவிடுங்கள். நாடி பார்க்க நிறுத்தும் நேரத்தில் காணொளியாகப் பதியுங்கள். அழுத்தம் தொடங்கிய பிறகு அதைப் போட்டுப் பாருங்கள். வினாடிகளை உரக்க எண்ண இன்னொருவர் வேண்டும்.

வெயிலில் திரை தெரியாது, ஒரு துணியால் மறைத்துக்கொள்ளலாம். சார்ஜும் ஜெல்லும் புறப்படும்முன் பார்க்க வேண்டியவை.

இந்தியாவில் ஒன்று கூடுதல். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கையடக்கக் கருவிகளுக்கும் பொருந்தும். அந்தச் சட்டப்படி பதிவு செய்யாத கருவியை வண்டியில் வைத்துக்கொண்டு, 'விபத்துக்குத்தானே வைத்திருக்கிறோம்' என்றால் எடுபடாது.