சார்ல்ஸ் மெக்ராவின் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

1940களிலும் 50களிலும் வெளிவந்த அமெரிக்கக் குற்றப்படங்களுக்குள் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் ஒரு நட்சத்திரத்தையோ இயக்குநரையோ பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அது தவறில்லை. ஆனாலும் அந்தப் படங்கள் எப்படி உருவாயின, அவற்றின் முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு குணச்சித்திர நடிகரைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து பார்ப்பதே மேலான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு சார்ல்ஸ் மெக்ராவை விடப் பொருத்தமானவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. சில நிமிடங்களே வந்துபோகும் கொலையாளியாகத் தொடங்கி, நான்கைந்து ஆண்டுகளில் முழுப் படத்தையும் சுமக்கும் நாயகனாகி, பிறகு மீண்டும் சில நிமிடப் பாத்திரங்களுக்கே திரும்பியவர் அவர். இந்த மூன்று நிலைகளிலும் அவர் தன் நடிப்பைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு படம் அவருக்கு எவ்வளவு நேரம் தருகிறது, சட்டத்தின் எந்தப் பக்கத்தில் அவரை நிறுத்துகிறது என்பவை மட்டுமே மாறின. படங்களைப் பார்க்கும்போது நாம் அளக்க வேண்டியவையும் அவைதான்.

மெக்ரா 1914ஆம் ஆண்டு மே 10 அன்று அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் பிறந்தார். இயற்பெயர் சார்ல்ஸ் கிறிஸ்ப் பட்டர்ஸ். 1943 வாக்கில் அவர் நடித்த சிறு வேடங்களையும், பெயர்ப் பட்டியலில் இடம்பெறாமல் தோன்றிய படங்களையும் முதலில் ஒதுக்கிவிடலாம். அவருடைய எல்லாப் படங்களையும் ஆண்டு வாரியாகப் பார்க்க முயல்பவர்கள் பாதியிலேயே சலித்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு படங்களைச் சரியான வரிசையில் பார்த்தாலே போதுமானது.

படத்தைப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பிரதியின் தரம். இந்தப் படங்களில் இருட்டுக்கு முகத்துக்குரிய அளவு முக்கியத்துவம் உண்டு. மங்கிய பிரதியில் கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகக் கலங்கிவிடும் என்பதால், மீட்டெடுக்கப்பட்ட பிரதி கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. இரண்டாவது, சட்டகத்தின் அளவு. 1953க்கு முந்தைய ஹாலிவுட் படங்கள் 1.37:1 என்ற, ஏறத்தாழ சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. தொலைக்காட்சித் திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் மெக்ராவின் கூரான தாடை அகன்று வேறொருவருடைய முகமாகிவிடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். மூன்றாவது, துணைத்தலைப்பு. வசனம் மிக வேகமாக ஓடும் படங்கள் இவை என்பதால், முதல் முறை துணைத்தலைப்போடு பாருங்கள். முக்கியமான காட்சிகளை மட்டும் இரண்டாம் முறை அது இல்லாமல் கேளுங்கள். ஜல்லியை அரைப்பது போன்ற அந்தக் குரல்தான் அவருடைய முதல் மூலதனம். கண்கள் எழுத்தில் இருக்கும்போது காது அதைத் தவறவிட்டுவிடுகிறது.

தொடங்க வேண்டிய படம் ராபர்ட் சியோட்மாக் இயக்கிய 'தி கில்லர்ஸ்' (1946). அதன் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களைத் தனியாக ஒரு குறும்படமாகவே பார்க்கலாம். ஒரு சிற்றூர் உணவகத்துக்குள் தொப்பியும் மேலங்கியும் அணிந்த இருவர் நுழைகிறார்கள். ஒருவர் மெக்ரா, மற்றவர் வில்லியம் கான்ராட். உணவுப் பட்டியலைப் பார்த்துக் கேட்கிறார்கள். அந்த உணவு ஆறு மணிக்குத்தான் என்று கடைக்காரர் சொல்கிறார். இவ்வளவு சாதாரணமான பேச்சிலிருந்து, அங்கு வழக்கமாக வரும் ஒருவனைக் கொல்ல வந்திருக்கிறோம் என்று அவர்கள் அறிவிக்கும் இடம்வரை யாரும் குரலை உயர்த்துவதில்லை. மெக்ராவின் பாத்திரமான ஆல் இங்கே மிகக் குறைவாகவே அசைகிறான். கழுத்தைத் திருப்புவதற்குப் பதிலாகக் கண்ணை மட்டும் திருப்புகிறான். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் ஒரு கணம் பதில் சொல்லாமல் இருக்கிறான். இந்தத் தாமதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இனிப் பார்க்கப்போகும் எல்லாப் படங்களிலும் இது வரும். பர்ட் லங்காஸ்டரின் முதல் படம் என்பதால் பலரும் அவருக்காகவே இதைப் பார்க்கிறார்கள். ஆனால் கதையைத் தொடங்கிவைப்பது இந்த இருவரும்தான். மாடிப்படியேறிப் போய் இருட்டறைக்குள் அவர்கள் சுடும்போது, துப்பாக்கி வெடிக்கும் வெளிச்சத்தில்தான் அவர்களுடைய முகங்கள் தெரிகின்றன.

அடுத்தது ஆன்டனி மான் இயக்கிய 'டி-மென்' (1947). கள்ளநோட்டுக் கும்பலுக்குள் கருவூலத்துறை அதிகாரிகள் மாறுவேடத்தில் புகும் கதை. மெக்ரா இதில் மாக்ஸி என்ற அடியாள். வாலஸ் ஃபோர்டு நடித்த முதியவரை நீராவிக் குளியலறைக்குள் வைத்துக் கொல்லும் காட்சியை இரண்டு முறை பார்க்கப் பரிந்துரைக்கிறேன். முதல் முறை உள்ளே இருப்பவரைப் பார்ப்போம், அது இயல்பு. கண்ணாடிக்குப் பின்னால் நீராவியில் தவிக்கும் அந்த முகத்திலிருந்து பார்வையை எடுக்க முடியாது. இரண்டாம் முறை வெளியே இருப்பவரை மட்டும் பாருங்கள். மெக்ரா முகத்தில் கோபத்தையோ குரூர மகிழ்ச்சியையோ காட்டுவதில்லை. கொடுத்த வேலையை முடிக்கும் ஒரு தொழிலாளியின் கவனம் மட்டுமே அங்கிருக்கிறது. மற்ற வில்லன் நடிகர்கள் பலரிடமிருந்து அவரைப் பிரிப்பது இதுதான் என்பது என் கருத்து. அவர்கள் கொடுமையை ரசித்துக் காட்டினார்கள். இவர் அதை வேலையாகச் செய்து காட்டினார். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டனுக்கும் இதில் பெரிய பங்குண்டு. குறைந்த விளக்குகளை வைத்து, முகத்தின் ஒரு பகுதியை முற்றிலும் இருட்டில் விட்டுவிடுவது அவருடைய பாணி. கூரிய எலும்புகள் கொண்ட மெக்ராவின் முகம் அந்த ஒளிக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

மானும் ஆல்டனும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்குச் சென்று எடுத்த 'பார்டர் இன்சிடென்ட்' (1949) படத்தையும் இதே வரிசையில் வைக்கலாம். மெக்சிகோ எல்லையில் கூலித்தொழிலாளர்களைக் கடத்திச் சுரண்டும் கும்பலில் மெக்ரா ஒருவர். பின்னாளில் கலிஃபோர்னியாவின் செனட்டரான ஜார்ஜ் மர்ஃபி நடித்த அதிகாரி, வயலில் உழவுக் கருவிக்கு அடியில் சிக்கிச் சாகும் காட்சி இன்றைக்கும் மனத்தைப் பிசையக்கூடியது. இளகிய மனத்தினர் அதை எதிர்பார்த்துத் தயாராக இருப்பது நல்லது.

இங்கே சற்று நிறுத்தி, அவருடைய நிலை ஏன் மாறியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டுவது வழக்கமாக இருந்தது. பெரிய படத்துக்குத் துணையாக ஓடும் இரண்டாவது படம் அறுபது எழுபது நிமிட நீளத்தில், இருக்கும் அரங்குகளையே பயன்படுத்திச் சிக்கனமாக எடுக்கப்படும். 1948இல் ஸ்டுடியோக்கள் திரையரங்குகளைத் தம் கையில் வைத்திருக்கக்கூடாது என்ற திசையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஏற்பாட்டின் அடித்தளம் ஆட்டம் கண்டது. அதே ஆண்டில்தான் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ தொழிலதிபர் ஹோவர்ட் ஹ்யூஸின் கைக்குப் போனது. பெரிய சம்பளம் கேட்காத, முகத்தைப் பார்த்தவுடனேயே ரசிகருக்குப் பாத்திரம் புரிந்துவிடக்கூடிய ஒரு நடிகர் இத்தகைய சிறு படங்களுக்குத் தேவைப்பட்டார். மெக்ரா நாயகன் ஆனது இந்த இடைவெளியில்தான். நட்சத்திரங்களுக்கு மட்டுமே நாயக வேடம் என்ற பெரிய படங்களின் விதி அங்கே அவ்வளவு கறாராகப் பின்பற்றப்படவில்லை.

ஆர்.கே.ஓ. படங்களில் முதலில் 'தி த்ரெட்' (1949). சிறையிலிருந்து தப்பி, தன்னைச் சிறைக்கு அனுப்பியவர்களைக் கடத்திச் செல்லும் ரெட் க்ளூகர் என்ற குற்றவாளி வேடம். அடியாள் இப்போது தலைவனாகிவிட்டான், அவ்வளவே. இதற்கு அடுத்த நாளே ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கிய 'ஆர்மர்ட் கார் ராபரி' (1950) படத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் நாள் கடத்தினால் ஒப்பீட்டின் கூர்மை குறைந்துவிடும். அதே குரல், அதே நடை, அதே தாமதம். ஆனால் இவர் இப்போது லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் லெப்டினன்ட் கோர்டெல். தன் கூட்டாளி சுடப்பட்டு இறந்த பிறகு, மருத்துவமனையில் அவருடைய மனைவியிடம் கோர்டெல் சொல்லும் ஆறுதல் ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகிறது. துக்கம் இருக்கிறது, அதற்கான மொழி அவரிடம் இல்லை. கொலையாளியாக இருந்தபோது நமக்கு அச்சம் தந்த அதே மௌனம் இங்கே வேறு பொருள் கொள்கிறது. 67 நிமிடப் படத்தில் இதற்கெல்லாம் விளக்கம் சொல்ல நேரமில்லை, அந்த முகமே எழுதப்படாத வசனத்தின் வேலையையும் செய்துவிடுகிறது.

'ரோட்பிளாக்' (1951) படத்தில் நேர்மையான காப்பீட்டுத் துப்பறிவாளர் ஒரு பெண்ணுக்காகத் தடம் புரள்கிறார். சட்டத்தின் இரு பக்கங்களையும் மெக்ரா ஒரே படத்தில் நடித்திருப்பதால் இது நம் வரிசைக்கு அவசியமானது. காதல் காட்சிகளில் அவர் சற்றுச் சிரமப்படுகிறார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றின் கான்கிரீட் படுகையில் முடியும் இறுதித் துரத்தலில்தான் அவர் மீண்டும் தன் இயல்புக்கு வருகிறார்.

இத்தனை படங்களையும் பார்த்த பிறகே 'தி நேரோ மார்ஜின்' (1952) படத்துக்குப் போங்கள். பலர் இதையே முதலில் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்திருந்தால்தான் இந்தப் படத்தில் அவரை நம்பலாமா கூடாதா என்ற கேள்வி நமக்குள்ளும் எழும். ஒரு குற்றக்கும்பல் தலைவனின் மனைவியைச் சாட்சி சொல்வதற்காக சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ரயிலில் அழைத்துச் செல்லும் துப்பறிவாளர் வால்டர் பிரவுன் இவர். ஃப்ளைஷர் இதை இரண்டு வாரத்துக்கும் குறைந்த நாட்களில் எடுத்து முடித்தார். ஆனால் ஹ்யூஸ் அதை நீண்ட காலம் வெளியிடாமல் வைத்திருந்தார். பின்னணி இசை கிடையாது, ரயிலின் ஓசைகளே இசையின் வேலையைச் செய்கின்றன. அந்த மனைவியாக வரும் மேரி விண்ட்சர் நகத்தை அரத்தால் தேய்க்கும் அசைவு அப்படியே ரயில் சக்கரத் தண்டின் அசைவாக மாறும் இடத்தை ஒலியோடு கவனியுங்கள். ரயில் பெட்டி அரங்கு தரையோடு பொருத்தப்பட்டிருந்தது. பெட்டி குலுங்குவதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் கேமராவின் அசைவு.

நடிப்பைப் பொறுத்தவரை மூன்று இடங்கள். ஒன்று, தொடக்கத்தில் அடுக்குமாடிப் படிக்கட்டில் விண்ட்சரின் கழுத்து மணிமாலை அறுந்து, மணிகள் படிப்படியாக உருண்டு இருட்டில் மறைந்திருப்பவனின் காலடிக்குப் போவதும் அதைத் தொடரும் சாவும். இரண்டு, ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய ரயில் நடைபாதையில் பருமனான ஒரு பயணி வழியை அடைத்து நிற்கும்போது மெக்ரா தன் அவசரத்தை அடக்கிக்கொள்ளும் விதம். மூன்று, கும்பலின் ஆள் அவரிடம் பணப்பேரம் பேசும் காட்சி. அவர் மறுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே, மறுக்காமலும் போகலாம் என்று நாம் அஞ்சுவதற்குக் காரணம் முந்தைய படங்களின் மாக்ஸியும் க்ளூகரும்தான். கதையின் திருப்பத்தை இங்கே சொல்லப்போவதில்லை. மூலக்கதைக்காக இந்தச் சிறிய படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இதன் பிறகு துணைப் படங்களின் சந்தையைத் தொலைக்காட்சி விழுங்கிவிட்டது. மெக்ராவும் அங்கே சென்று, 1955இல் தொடங்கிய 'காசாப்ளாங்கா' தொடரில் ரிக் வேடம் ஏற்றார். இந்தக் காலத் தொலைக்காட்சி வேலைகளை விரைவாகக் கடந்துவிடலாம்.

பெரிய படங்களில் அவர் ஏற்ற பிற்காலச் சிறு வேடங்களை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, அவர் வரும் காட்சிகளுக்கு மட்டும் திரும்புங்கள். அவர் வருகிற, போகிற நிமிடங்களைக் குறித்துக்கொண்டால் அந்தச் சில நிமிடங்களை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பது புலப்படும். 'ஸ்பார்ட்டகஸ்' (1960) படத்தில் அடிமைகளுக்கு வாட்போர் கற்பிக்கும் மார்செல்லஸாக, உடலில் எங்கே வெட்டினால் உடனே சாவு, எங்கே வெட்டினால் ஊனம், எங்கே வெட்டினால் மெதுவான சாவு என்று கிர்க் டக்ளஸின் மார்பில் வண்ணம் பூசிக் காட்டுகிறார். மாக்ஸியின் அதே தொழில்முறைக் கவனம், இப்போது வண்ணத்திலும் அகன்ற திரையிலும். 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் உணவகத்தில் அமர்ந்து தன் படகைப் பறவைகள் தாக்கியதைச் சொல்லும் மீனவர். 'இன் கோல்ட் பிளட்' (1967) படத்தில் கொலையாளி பெர்ரியின் தந்தை. கடைசியாகச் சொன்ன இந்த வேடத்தில் அந்தக் குரல் முதுமையால் தளர்ந்து, நெகிழும் இடங்களைத் தவறவிடாதீர்கள். அவர் கடைசியாக நடித்த படம் 1977இல் வந்தது. 1980 ஜூலையில் காலமானார்.

இந்த முறை பழகிவிட்டால் அடுத்து வில்லியம் டால்மனை எடுத்துக்கொள்ளலாம். 'ஆர்மர்ட் கார் ராபரி' படத்தில் மெக்ரா துரத்தும் கொள்ளையர் தலைவன் அவர்தான். ஐடா லுபினோ இயக்கிய 'தி ஹிட்ச்-ஹைக்கர்' (1953) படத்தில் ஒரு கண்ணை மூடாமலே தூங்கும் கொலையாளியும் அவரே. 1957இல் தொடங்கிய 'பெர்ரி மேசன்' தொலைக்காட்சித் தொடரில் அவர் அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கர் ஆனார். முதலில் 'ஆர்மர்ட் கார் ராபரி' படத்தையே மறுபடி போட்டு, இம்முறை டால்மன் வரும் காட்சிகளை மட்டும் குறித்துக்கொண்டு பாருங்கள்.